லிஞ்ச்பர்க்கா, ஃபிராங்க்ஃபர்ட்டா, லொரெட்டோவா: ஒரே ஒரு விஸ்கி ஆலைதான் பார்க்க முடியும் என்றால்?

நாஷ்வில்லுக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. ஊரிலிருந்து விருந்தாளி யார் வந்தாலும் இரண்டாம் நாள் காலையில் காபி டம்ளரும் கையுமாக, பேச்சுவாக்கில் கேட்பது போல ஒரு கேள்வி வரும். "ஜாக் டேனியல்ஸ் இங்க பக்கத்துலதானே?" குடிப்பவர்கள் மட்டும்தான் கேட்பார்கள் என்று நினைக்க வேண்டாம். சொட்டுக்கூடத் தொடாத என் பெரிய மாமா, மாமி குளிக்கப் போன நேரம் பார்த்துக் கேட்டார்.

பக்கத்தில்தான். தெற்கே ஒன்றரை மணி நேரம் ஓட்டினால் லிஞ்ச்பர்க். ஆனால் வடக்கே எல்லை தாண்டினால் கென்டக்கி. அங்கே ஆலைகளுக்குப் பஞ்சமே இல்லை. அந்த மாநிலத்தில் வசிக்கும் மனிதர்களைவிட அங்கே கிடங்குகளில் தூங்கும் விஸ்கி பீப்பாய்கள் அதிகம். அதனால் ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்பவர்களுக்கு நான் மூன்றைச் சொல்வேன்: டென்னஸியில் ஜாக் டேனியல்ஸ், ஃபிராங்க்ஃபர்ட்டில் பஃபலோ டிரேஸ், லொரெட்டோவில் மேக்கர்ஸ் மார்க். மூன்றுக்கும் போயிருக்கிறேன், சிலவற்றுக்குப் பல தடவை.

மூன்று இடத்திலும் சுற்றிக் காட்டுபவர்கள் கதை சொல்வதில் மன்னர்கள். தாத்தா, செய்முறை, நெருப்பு, வெள்ளம் எல்லாம் வரும். கேட்டுக்கொண்டே நடந்தால் மூன்றும் ஒன்று போலத் தோன்றும். அதனால் எனக்கென்று ஓர் அளவுகோல் வைத்திருக்கிறேன். சொல்கிற கதையில் எவ்வளவை நம் கண்ணால் பார்த்தோ மூக்கால் முகர்ந்தோ சரிபார்த்துக்கொள்ள முடிகிறது? அதை வைத்துத்தான் கீழே வருவதை எழுதுகிறேன்.

முதலில் மூன்றுக்கும் பொதுவானதைச் சொல்லிவிடுகிறேன். தானியத்தை அரைத்து, சுடுநீரில் வேகவைத்து, ஆறியதும் ஈஸ்ட் போட்டுப் பெரிய தொட்டியில் விடுகிறார்கள். "சாராய ஊறல் 500 லிட்டர் அழிப்பு" என்று நம்மூர் செய்தித்தாளில் வருமே, அந்த ஊறல்தான் இது. இங்கே லைசென்ஸோடு போடுகிறார்கள், அவ்வளவுதான். சில நாளில் அது புளித்து பியர் மாதிரி ஆகும். அதை உயரமான செம்புத் தூணில் மேலிருந்து ஊற்றி, கீழிருந்து நீராவி ஏற்றி வடித்தால் தண்ணீர் போல நிறமற்ற சரக்கு கிடைக்கும். விஸ்கியின் நிறம் முழுக்க, மணத்திலும் பெரும்பங்கு, அதற்குப் பிறகு பீப்பாயில்தான் வருகிறது.

கென்டக்கி பெயர்பெற்றது போர்பன் என்ற விஸ்கி வகைக்கு. போர்பன் என்று பெயர் போட அமெரிக்கச் சட்டம் சில நிபந்தனைகள் வைத்திருக்கிறது. தானியக் கலவையில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும். பீப்பாய் புதிதாக இருக்க வேண்டும், ஓக் மரத்தில் செய்து உள்பக்கம் தீயில் கருக்கியிருக்க வேண்டும். நிறமோ சுவையோ வெளியிலிருந்து சேர்க்கக் கூடாது. பீப்பாய்க்குள் போகும்போது ஆல்கஹால் 62.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, புட்டியில் 40க்குக் கீழே இறங்கக் கூடாது. கென்டக்கியில்தான் செய்ய வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, கென்டக்கிக்காரர்கள் அப்படித்தான் பேசுவார்கள் என்றாலும். ஒரு பீப்பாயை ஒரே ஒரு தடவைதான் பயன்படுத்த முடியும் என்பதால் பழைய பீப்பாய்கள் ஸ்காட்லாந்துக்குப் போகின்றன. சில, டபாஸ்கோ மிளகாய் சாஸ் ஊறவைக்கப் போகின்றன.

எல்லா ஆலையிலும் காதில் விழும் இன்னொரு சொல் 'சவர் மேஷ்'. நம்மவர்கள் கேட்டதும் "ஓ, தயிருக்கு உறை ஊத்துற மாதிரி" என்பார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். அது சரியில்லை. முந்தைய ஊறலைக் காய்ச்சி வடித்த பிறகு அடியில் மிஞ்சும் புளித்த தண்ணீரில் ஒரு பங்கைப் புது ஊறலில் சேர்க்கிறார்கள். காய்ச்சியதில் ஈஸ்ட் எல்லாம் செத்துப்போயிருக்கும், எனவே உறை வேலை அதற்கு இல்லை. அதன் புளிப்புதான் தேவை. வேண்டாத பாக்டீரியாவை அது அடக்கும், ஒவ்வொரு தடவையும் ஊறல் ஒரே மாதிரி வர உதவும்.

சரி, லிஞ்ச்பர்க்.

ஊருக்குள் நுழையும் முன்பே மரங்களைப் பாருங்கள். கிடங்குகளை ஒட்டிய மரங்களின் பட்டை, வேலிக் கம்பி, பழைய கொட்டகையின் சுவர் எல்லாம் கரி பூசியது போலக் கறுத்திருக்கும். தீப்பிடித்த இடமோ என்று மாமா பதறினார். அது ஒரு பூஞ்சை. பீப்பாயிலிருந்து கசிந்து காற்றில் கலக்கும் ஆல்கஹால் ஆவியைத் தின்று வளர்வது. ஆவியாகிப் போகும் அந்தப் பங்கை 'தேவதைகளின் பங்கு' என்று அழகாகச் சொல்வார்கள். தேவதைகள் சிந்தியது பக்கத்து வீட்டுச் சுவரில் படிவதைப் பற்றி அவ்வளவாகப் பேச மாட்டார்கள்.

இங்கே முக்கியமானது கரி. சுகர் மேப்பிள் மரத்தைச் சட்டமாக அறுத்து, ஆளுயரத்துக்கு அடுக்கி, வடித்தெடுத்த 70 சதவீதச் சரக்கையே அதன் மேல் ஊற்றிக் கொளுத்துகிறார்கள். ஒரு தடவை அது எரியும்போது நின்று பார்த்தேன். இருபதடி தள்ளி நின்றும் முகம் சுட்டது, ஆனால் நாற்றம் இல்லை; கற்கண்டு கருகுவது போல ஒரு வாசனை. சாம்பலாகிவிடாமல் தண்ணீர் அடித்து அணைத்து, கிடைக்கும் கரியைச் சிறு துண்டுகளாக நொறுக்கி, பத்தடி ஆழத் தொட்டியில் நிரப்புகிறார்கள். வடித்த சரக்கு அதன் வழியே சொட்டுச் சொட்டாக இறங்க நாள் கணக்கில் ஆகும். பீப்பாய்க்குப் போவதற்கு முன்னாலேயே நடக்கிற இந்த வடிகட்டல்தான் டென்னஸி விஸ்கியைக் கென்டக்கி போர்பனிலிருந்து பிரிக்கிறது. மற்றபடி 80 சதவீதம் மக்காச்சோளம், 12 வாற்கோதுமை முளை, 8 ரை (கோதுமை மாதிரி ஒரு தானியம்) என்ற அவர்களுடைய கலவை போர்பன் விதிக்குள் நிம்மதியாக அடங்கும்.

இந்த முறைக்குப் பெயர் 'லிங்கன் கவுன்ட்டி முறை'. கவுன்ட்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி. ஆனால் ஆலை இருப்பது மூர் கவுன்ட்டியில். 1871இல் லிங்கனிலிருந்து வெட்டி எடுத்ததுதான் மூர். 2013இல் டென்னஸி விஸ்கி என்று பெயர் போட இந்தக் கரி வடிகட்டல் கட்டாயம் என்று மாநிலம் சட்டம் போட்டது. ஒரே ஓர் ஆலைக்கு மட்டும் விலக்கு கொடுத்தார்கள். பிரிச்சர்ட்ஸ் என்ற அந்தச் சின்ன ஆலை எங்கே இருக்கிறது தெரியுமா? லிங்கன் கவுன்ட்டியில்.

இதைவிடப் பெரிய வேடிக்கை, மூர் மதுவிலக்கு அமலில் உள்ள கவுன்ட்டி. உலகம் முழுக்க விற்கும் சரக்கைச் செய்கிற ஊரில் ஒரு பாருக்குள் போய் அதை வாங்கிக் குடிக்க முடியாது. ஆலைக்குள்ளே ருசி பார்க்கலாம், நினைவுப் பொருள் என்ற கணக்கில் புட்டி வாங்கலாம். அதற்குத் தனிச் சலுகை. "ஊரான் வீட்டுக் கல்யாணத்துக்குச் சமைச்சுட்டு, நம்ம வீட்டுல பட்டினியா?" என்று மாமா கேட்டதை மொழிபெயர்த்துச் சொன்னேன். சுற்றிக் காட்டிய பெண்மணி விழுந்து விழுந்து சிரித்தார்.

வரலாற்றுக்கு வருவோம். ஜாக் என்று அழைக்கப்பட்ட ஜாஸ்பர் நியூட்டன் டேனியல் பிறந்த தேதி யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. ஆலை தொடங்கியது 1866 என்று லேபிளைச் சுற்றி விளம்பரம் செய்கிறார்கள். அந்த ஆண்டையும் சந்தேகிக்கும் ஆய்வாளர்கள் உண்டு. அவர் இரும்புப் பெட்டி திறக்காத கோபத்தில் அதை உதைத்து, கால் விரலில் புண்ணாகி, அதிலேயே 1911இல் இறந்தார் என்று பெட்டியையே காட்டிச் சொல்வார்கள். பெட்டி இருக்கிறது, உதைத்ததற்குச் சாட்சி இல்லை. இதெல்லாம் சுவையான கதை என்ற அளவில் சரி.

ஆனால் ஒரு கதையை அவர்கள் பல காலம் சொல்லவே இல்லை. சிறுவன் ஜாக், டேன் கால் என்ற பாதிரியாரின் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தான். பாதிரியார் சாராயமும் காய்ச்சினார். அங்கே காய்ச்சும் வித்தையை அவனுக்குக் கற்றுக்கொடுத்தவர் நியரெஸ்ட் கிரீன் என்று அழைக்கப்பட்ட நேதன் கிரீன். அவர் அந்தப் பண்ணையில் அடிமையாக இருந்த கறுப்பர். உள்நாட்டுப் போர் முடிந்து விடுதலையான பிறகு ஜாக்கின் ஆலையில் முதல் தலைமை வடிப்பாளராக இருந்தவர் அவர்தான். அவர் குடும்பத்தில் பலர் தொடர்ந்து அங்கே வேலை பார்த்தார்கள். உள்ளூரில் தெரிந்த விஷயம்தான், ஆனால் ஆலையின் அதிகாரபூர்வக் கதையில் நெடுங்காலம் இடம் கிடைக்கவில்லை. 2016இல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. அப்புறம் ஃபான் வீவர் என்ற எழுத்தாளர் ஆவணங்களைத் தோண்டி எடுத்தார். இப்போது சுற்றுலாவிலேயே அவர் பெயர் வருகிறது. ஒரு பழைய புகைப்படம் காட்டுவார்கள். தொழிலாளர்கள் வரிசையாக இருக்க, ஜாக்குக்குப் பக்கத்தில், படத்தின் நடுவில், ஒரு கறுப்பர் உட்கார்ந்திருக்கிறார். நியரெஸ்டின் மகன் என்கிறார்கள். அந்தக் காலத் தெற்கில் எடுத்த படத்தில் அந்த இடம் சாதாரணமாகக் கிடைப்பதில்லை. நான் ஒவ்வொரு தடவையும் அதிக நேரம் நிற்பது இந்தப் படத்தின் முன்னால்தான்.

ஜாக்குக்குக் கல்யாணம் ஆகவில்லை, சகோதரி மகன் லெம் மாட்லோவிடம் ஆலை போனது. டென்னஸியில் நாடு தழுவிய மதுவிலக்குக்குப் பத்து வருடம் முன்பே மாநில மதுவிலக்கு வந்துவிட்டதால் லிஞ்ச்பர்க்கில் மறுபடி அடுப்பு எரிய 1938 ஆனது. 1956இல் பிரவுன் ஃபோர்மன் என்ற மது நிறுவனம் வாங்கியது. குறை என்று சொன்னால், இன்று அது ஒரு மாபெரும் தொழிற்சாலை. நமக்குக் காட்டுவது அதன் பழைய, அழகான மூலையைத்தான்: ஆண்டு முழுக்க 13 டிகிரியில் ஊற்று வரும் சுண்ணாம்புப் பாறைக் குகை, கரி மேடை, பழைய அலுவலகம்.

ஃபிராங்க்ஃபர்ட் வேறு மாதிரி. கென்டக்கி ஆற்றின் கரையில் சிவப்புச் செங்கல் கிடங்குகள் வரிசையாக நிற்கும். காட்டெருமைக் கூட்டங்கள் ஆற்றைக் கடந்த தடம் என்பதால் இப்போதைய பெயர். அது 1999இல் வைத்த பெயர்தான்! அதற்கு முன்னால் பல பெயர், பல முதலாளி. 1870இல் இதை வாங்கிய எட்மண்ட் டெய்லர்தான் இந்த இடத்துக்கு நிஜமான கதாநாயகன். அந்தக் காலத்தில் கடைக்காரர்கள் விஸ்கியில் புகையிலைச் சாறு, சர்க்கரைப்பாகு என்று கண்டதையும் கலந்து விற்றார்கள். அதற்கு எதிராக அவர் போராடியதில் வந்தது 1897ஆம் ஆண்டுச் சட்டம். ஒரே ஆலையில், ஒரே பருவத்தில் வடித்து, அரசுக் கண்காணிப்புக் கிடங்கில் நான்கு வருடம் இருந்து, 50 சதவீத ஆல்கஹாலோடு புட்டியில் அடைத்தால் 'பாட்டில்ட் இன் பாண்ட்' என்று போட்டுக்கொள்ளலாம். அந்தச் சொல்லை இன்றும் லேபிள்களில் பார்க்கலாம்.

மதுவிலக்கு காலத்தில் மருந்துக்காக விஸ்கி விற்க உரிமம் பெற்ற மிகச் சில நிறுவனங்களில் இதுவும் ஒன்று. டாக்டர் சீட்டு எழுதினால் மருந்துக் கடையில் ஒரு சின்னப் புட்டி. அந்தக் காலத்தில் கென்டக்கியில் எத்தனை பேருக்குச் சளி பிடித்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இங்கே கட்டடங்களே சாட்சி. 2006 ஏப்ரலில் புயல் ஒரு பழைய கிடங்கின் கூரையையும் சுவரின் ஒரு பகுதியையும் பெயர்த்துவிட்டது. உள்ளே இருந்த பீப்பாய்கள் மாதக் கணக்கில் வெயில் மழையில் கிடந்தன. அந்தச் சரக்கைப் பிறகு தனியாகப் புட்டியில் அடைத்து நல்ல விலைக்கு விற்றார்கள். வியாபாரம் தெரிந்தவர்கள். 1937 வெள்ளம் மூழ்கடித்தது, 2025 ஏப்ரலில் ஆறு மறுபடி உள்ளே வந்தது. தேசிய வரலாற்றுச் சின்னமாக 2013இல் அறிவித்தார்கள்.

ஆனால் என் அளவுகோலில் ஒரு குறை உண்டு. தானியக் கலவை என்ன விகிதம் என்று கேட்டால் சொல்ல மாட்டார்கள். மற்ற இரண்டு ஆலைகளும் வெளிப்படையாகச் சொல்வதை இங்கே ரகசியமாக வைத்திருக்கிறார்கள். பிளான்டன்ஸ், பாப்பி வான் விங்கிள் என்று சேகரிப்பவர்கள் நாக்கைத் தொங்கப்போடும் பெயர்கள் எல்லாம் இங்கிருந்துதான் வருகின்றன. அதனால் வருகிறவர்களில் பாதிப் பேருக்குக் கண் கிடங்கில் இல்லை, கடையில் இருக்கிறது. இன்றைக்கு அலமாரியில் என்ன வைத்திருக்கிறார்கள் என்று விடிகாலையிலேயே வரிசையில் நிற்பார்கள். அந்த வியாதி உங்களுக்கும் இருந்தால் தயங்காமல் ஃபிராங்க்ஃபர்ட்டுக்கே போங்கள், மிச்சத்தைப் படிக்க வேண்டாம்.

லொரெட்டோவுக்கு முதல் தடவை போனபோது நான் பெரிய புத்திசாலியாக நடந்துகொண்டேன். பத்து மணிக்குச் சுற்றுலா, ஏழுக்குக் கிளம்பி ஒன்பதே முக்காலுக்கு வாசலில் நின்றேன். அங்கே பத்தே முக்கால். நாஷ்வில் மத்திய நேரம், லொரெட்டோ கிழக்கு நேரம். ஒரு மணி நேரம் வழியிலேயே காணாமல் போகும் என்பது என் மூளைக்கு எட்டவில்லை. பின்மாலைக் குழுவில் இடம் கிடைத்ததால் தப்பித்தேன். அதுவரை ஓடைக்கரையில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டேன், அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

கறுப்புச் சுவர், சிவப்பு ஜன்னல் கதவு என்று பண்ணை வீடுகள் போல இருக்கும் இந்த ஆலையை பில் சாமுவேல்ஸ் 1953இல் 35,000 டாலருக்கு வாங்கினார். பரம்பரைச் செய்முறைத் தாளை எரித்துவிட்டு, ரைக்குப் பதில் கோதுமை போட முடிவெடுத்தார். ஒவ்வொரு கலவையையும் பீப்பாயில் போட்டுப் பார்க்க வருடங்கள் ஆகும் என்பதால், அந்தந்த விகிதத்தில் ரொட்டி சுட்டு ருசி பார்த்தார் என்பது குடும்பக் கதை. எனக்கு இந்தக் கதை பிடிக்கும், முழுதாக நம்ப மாட்டேன். லூயிவில்லில் ஸ்டிட்ஸல் வெல்லர் ஆலை அதற்கு முன்பே கோதுமை போர்பன் செய்துகொண்டிருந்தது. ரொட்டி சுடாமலேயே தெரிந்துகொள்ள வழி இருந்தது.

உண்மையான கெட்டிக்காரி அவர் மனைவி மார்ஜி. பெயர், புட்டியின் வடிவம், லேபிள், கழுத்தில் வழியும் சிவப்பு மெழுகு, நான்கும் அவர் யோசனை. எண்ணெய்ச் சட்டியில் மெழுகை உருக்கித் தன் சமையலறையிலேயே முக்கிப் பார்த்திருக்கிறார். அந்த மெழுகு வழிசல் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய், 2012இல் மேக்கர்ஸ் மார்க்குக்கே தீர்ப்பானது. 2013இல் கம்பெனி ஆல்கஹாலை 45லிருந்து 42 சதவீதமாகக் குறைப்பதாக அறிவித்தது. குடிப்பவர்கள் போட்ட சத்தத்தில் சில நாளிலேயே வாபஸ் வாங்கியது.

செய்முறையைக் கண்ணால் பார்க்க மூன்றில் இதுதான் சிறந்தது. அரைப்பது முதல் புட்டி வரை ஒரே நடையில் வந்துவிடும். சைப்ரஸ் மரத்தொட்டிகளில் ஊறல் தானாகக் கொப்பளித்துக்கொண்டிருந்தது. நான் போனபோது விரலை விட்டு ருசி பார்க்க விட்டார்கள். முதல் நாள் தொட்டி, வெல்லம் கம்மியாகப் போட்ட கஞ்சி. மூன்றாம் நாள் தொட்டி, சித்திரை வெயிலில் இரண்டு நாள் வைத்த கூழ். பாடம் நடத்தி விளக்க வேண்டியதை அந்த இரண்டு விரல் நக்கலில் புரியவைத்துவிட்டார்கள். கிடங்கில் மேல் தளம் கோடையில் கொதிக்கும், கீழ் தளம் குளிர்ச்சி. பெரும்பாலான ஆலைகள் பீப்பாய்களை வைத்த இடத்திலேயே விட்டுவிட்டுக் கடைசியில் கலந்துகொள்வார்கள். இங்கே மேலே சில கோடை கழிந்ததும் உருட்டிக் கீழே இறக்குகிறார்கள். கடைசியில் நீங்கள் வாங்கும் புட்டியை நீங்களே மெழுகில் முக்கலாம். ஏப்ரன், கண்ணாடி, கையுறை எல்லாம் கொடுப்பார்கள். தலைகீழாக முக்கி, ஒரு திருகு திருகி, நிமிர்த்தினால் மெழுகு வழியும். என்னுடையது ஒரு பக்கம் மட்டும் வழிந்து கோணிக்கொண்டது.

ஆக, நாஷ்வில்லில் இருந்துகொண்டு அரை நாள்தான் இருக்கிறது என்பவர்களுக்கு லிஞ்ச்பர்க். குடிக்காதவர்களையும் அங்கேதான் அழைத்துப் போவேன். நெருப்பு, குகை, அந்தப் புகைப்படம், இவற்றைப் பார்க்க நாக்கு தேவையில்லை. முழு நாள் இருந்து, "எப்படித்தான் செய்றாங்க?" என்று கேட்கிறவர் என்றால் லொரெட்டோ. ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு இங்கிருந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதற்காக மட்டும் போகச் சொல்ல மாட்டேன். லெக்சிங்டனுக்கோ லூயிவில்லுக்கோ வேறு வேலையாகப் போனால் விடவே கூடாது. இரண்டு நாள் இருந்தால் அதையும் லொரெட்டோவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லிஞ்ச்பர்க்கை அந்த இரண்டு நாளில் திணிக்க வேண்டாம், எதிர்த்திசை.

முன்பதிவு மூன்றுக்கும் செய்துவிடுங்கள், வாரக் கடைசியில் இடம் கிடைக்காது. ருசி பார்க்க 21 வயது ஆகியிருக்க வேண்டும், அடையாள அட்டை கேட்பார்கள். ஊரிலிருந்து வந்தவர்கள் பாஸ்போர்ட்டை எடுத்துப் போகட்டும். கார் ஓட்டுபவர் ருசி பார்க்கும் மேசையில் உட்காரக் கூடாது, எங்கள் வீட்டில் அதற்கு மாமா மாதிரி ஆட்களைத்தான் தேடுவோம். லிஞ்ச்பர்க்கில் கரியை எந்நேரமும் எரிக்க மாட்டார்கள், போகும் அன்று எரிப்பார்களா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். லொரெட்டோ என்றால், கைக்கடிகாரத்தை முந்தின இரவே ஒரு மணி நேரம் முன்னால் திருப்பி வையுங்கள்.